ஏழாம் நம்பர் குப்பி

நடக்கிறார். மெதுவாகத்தான், ஆனாலும் நடக்கிறார். குப்பியின் அடியிலிருந்து கண்ணாடிச் சுவரில் ஒரு விரல் உயரம் ஏறுகிறார், நிற்கிறார், முன்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தேய்க்கிறார், பிறகு பிடி விட்டுச் சறுக்கி மறுபடி அடியிலேயே போய் விழுகிறார். இடது இறக்கை பாதிதான் இருக்கிறது. எண்பத்தொன்பது நாள் வயதான ஒரு பழ ஈக்கு இதற்கு மேல் என்ன வேண்டும், மனிதக் கணக்கில் இவர் நூறைத் தாண்டியிருப்பார். மணி ஒன்பதரை. பதினொரு மணிக்கு, லேபின் தலைவர் வத்சலா மேடம், குப்பி விவரம் எழுதி ஒட்டி வைத்த கவரைப் பிரிக்கப் போகிறார்கள். கடைசி ஈயும் செத்த பிறகுதான் கவரைப் பிரிக்க வேண்டும் என்பது இந்த லேபின் வழக்கம். அதுவரைக்கும் எந்தக் குப்பியில் எந்த ஈ என்று எண்ணுகிறவளுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் கண் தனக்குப் பிடித்ததைப் பார்த்துவிடுமாம். இருபது குப்பி, குப்பிக்கு இருபது ஈ, ஆக நானூறு. அதில் பாதி, புழுவாக இருந்தபோது அரைப்பட்டினி போடப்பட்டவை, மீதி வயிறு முட்டத் தின்று வளர்ந்தவை. சின்ன வயதில் பட்டினி கிடந்தது கூடுதல் நாள் இருக்குமா, குறைவான நாள் இருக்குமா. இதற்காகத்தான் கோவில்பட்டியில் பி.எஸ்சி. மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த என்னை ஒரு செமஸ்டர் ஃபெல்லோஷிப் என்று சென்னைக்குக் கூப்பிட்டார்கள், இதைத்தான் ஆகஸ்டிலிருந்து மூன்று நாளைக்கு ஒருதரம் எண்ணிக்கொண்டிருக்கிறேன். என் நோட்டுப்படி நானூறும் செத்தாயிற்று. கடைசியாகச் செத்தது நேற்று முன்தினம், பதினாலாம் நம்பர் குப்பியில். ஏழாம் நம்பர் குப்பி எழுபத்தெட்டாம் நாளிலேயே காலி. அப்படித்தான் நோட்டில் இருக்கிறது, என் கையெழுத்தில், நீல மையில். ஏழாம் நம்பர்க்காரர் மறுபடி ஏறுகிறார்.

சாக மாட்டேன் என்கிறார். சாகும் என்று நினைத்துத்தானே புதன்கிழமை மேடம் கேட்டபோது எல்லாம் முடிந்தது மேடம் என்று சொன்னேன். நேற்றுச் செத்துவிடும், இல்லாவிட்டால் இன்று காலையில் செத்துக் கிடக்கும். கதவைத் திறந்து விளக்கைப் போட்டதும் ரேக்குக்குப் பின்னால் கையை விட்டுக் குப்பியை எடுத்தேன், வெளிச்சத்தில் காட்டினேன், அசைவில்லை, அப்பாடா என்று இருந்தது. விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். தட்டினால் ஒரு காலாவது அசைந்தால் உயிர் என்று அர்த்தம், அதுவும் இந்த லேபின் விதி. ஒரு கால் அசைந்தது, அப்புறம் ஆறும் அசைந்தன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதனால்தான் எனக்கு என்மேலேயே எரிச்சல். இது செத்தால்தான் நான் பிழைப்பேன், இது பிழைத்திருப்பதில் எனக்கென்ன சந்தோஷம். ஆனால் இந்த ஈ அறையில், எப்போதும் இருபத்தைந்து டிகிரியிலேயே நிற்கிற, ஜன்னல் இல்லாத, வெல்லமும் மக்காச்சோள மாவும் ஈஸ்ட்டும் சேர்ந்து புளித்த ஆப்ப மாவு மாதிரி வாடை வீசுகிற இந்த அறையில், நான் காலை வணக்கம் சொல்கிற ஒரே ஆள் இவர்தான். சொல்லியிருக்கிறேன், வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். என்ன சார், இன்னைக்கும் இருக்கீங்களா. பதில் வராது, வரவேண்டும் என்றும் இல்லை. வெளியே நாலு பேர் இருக்கிறார்கள், பதில் சொல்லக்கூடியவர்கள்தான். கெட்டவர்கள் என்று ஒருவரையும் சொல்ல மாட்டேன். முதல் நாளே அவர்களில் சீனியரான ஃபெலிக்ஸ் அண்ணன் எல்லா மேஜைக்கும் கூட்டிப்போய் அறிமுகப்படுத்தினார், இதுதான் இந்த செமஸ்டர் ஃபெல்லோ என்று. போன செமஸ்டருக்கு ஒரு ஃபெல்லோ இருந்தான், அடுத்த செமஸ்டருக்கு ஒன்று வரும். ஃபெல்லோ எண்ணிட்டாளா, ஃபெல்லோகிட்ட கேளு, ஃபெல்லோ ஸ்டூல் எங்கே. சண்முகக்கனி என்று ஐந்தெழுத்துக்கு மேலே இருப்பதால் நாக்கு சுளுக்கிவிடும் போல. அம்மா கனி என்பாள், அதையாவது சொல்லலாம். கேன்டீனில் அவர்கள் உட்காருகிற மேஜைக்கு நாலு நாற்காலி, அவர்கள் நாலு பேர். ஐந்தாவது நாற்காலியை இழுத்துப் போட எனக்குக் கை வராது, இழுத்துப் போடு என்று சொல்ல அவர்களுக்குத் தோன்றாது. அதனால் பன்னிரண்டே காலுக்கே நான் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன், எனக்குச் சீக்கிரம் பசிக்கும் என்று எல்லாரும் நம்புகிறார்கள். எனக்கு ஒன்றரைக்கு முன்னால் பசித்ததே இல்லை.

மார்ச்சுவரி அதோ மேஜை ஓரத்தில் இருக்கிறது. வாய் அகன்ற பாட்டில், பாதிக்கு ஸ்பிரிட், மேலே புனல். வேலை முடிந்த ஈக்களைத் தட்டிக் கொட்டுகிற இடம். பெயர் வைத்தது ஃபெலிக்ஸ் அண்ணன், வைத்தவருக்கு அது இப்போது பெயராகக்கூடத் தெரியாது, மார்ச்சுவரி நிறைஞ்சிட்டு, கழுவி வை என்பார். அடியில் கறுப்பாகப் படிந்து கிடக்கின்றன, கடுகு தாளித்த மாதிரி. மூன்று மாதத்தில் நான் எத்தனை கொட்டியிருப்பேன், ஆயிரம் இருக்கும், ஒரு நாளும் தயங்கியதில்லை. குப்பியின் வாயை அடைத்திருக்கிற பஞ்சை எடுத்து, குப்பியைக் கவிழ்த்து, புனல் விளிம்பில் ஒரு தட்டு. இரண்டு வினாடி. அதற்குப் பிறகு நோட்டில் எழுதியிருப்பதும் உலகத்தில் இருப்பதும் ஒன்றாகிவிடும். பூஜ்யம் என்று எழுதியிருக்கிறது, பூஜ்யம் இருக்கும். யார் பார்க்கப் போகிறார்கள், எண்ணுகிறவள் ஒருத்தி, அவள்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறாளே. பஞ்சை எடுக்கப் போன நேரத்தில் போன் அதிர்ந்தது. அம்மா. இந்த நேரத்தில் அவள் ஜெராக்ஸ் கடையைத் திறந்து மெஷின் சூடாகக் காத்துக்கொண்டிருப்பாள். சாப்ட்டியா என்றாள். சாப்ட்டேன்மா. என்ன சாப்ட்ட. பொங்கல். சாப்பிடவில்லை. இன்னைக்குத்தான கவரு பிரிக்கிறாக, உங்கப்பா நேத்து பஸ்ஸுல வந்த சனங்ககிட்டல்லாம் சொல்லிட்டாக, டிக்கெட் குடுக்கறத விட்டுட்டு இதே வேலையா இருக்காக, கடலமிட்டாய் பார்சல் வந்துச்சா, உடையாம வந்துச்சா. வந்துச்சும்மா. முடிவு என்ன வந்தாலும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, பிரிண்டு போட்டு லேமினேசன் பண்ணிருவோம். பண்ணுவாள். ஃபெல்லோஷிப் கிடைத்த கடிதத்தை வந்த அன்றைக்கே லேமினேஷன் பண்ணிவிட்டாள், காலேஜில் முத்திரை குத்த ஒரிஜினல் கேட்டபோது பிளாஸ்டிக்கின் மேல் எங்கே குத்துவது என்று பிரின்சிபால் திட்டினார். தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாதுல்ல என்றாள் அம்மா, குற்றமே செய்யாத முகத்தோடு. அம்மா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்மா. சொல்லவில்லை. வாய் வரை வந்தது. கடையில் ஒருவர் ஆதார் இரண்டு காப்பி என்று கேட்கிற சத்தம் கேட்டது, சரி வச்சிருதேன், நல்லா சாப்புடு என்று வைத்துவிட்டாள். நானும் காலியான போனைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

தப்பு எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெளிவாகத் தெரியும். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம், ஐம்பத்தோராம் நாள். காலையில்தான் எல்லா ஈக்களையும் எண்ணிப் புதுக் குப்பிக்கு மாற்றியிருந்தேன். குப்பிக்கு நம்பர் எழுதுவதற்கு ஒரு முறை இருக்கிறது. காகித டேப் ஒட்டி, பென்சிலில் எழுத வேண்டும். முதல் வாரமே ஃபெலிக்ஸ் அண்ணன் சொன்னார், கண்ணாடியில மார்க்கர்ல எழுதாத, ஸ்பிரிட் பட்டா போயிரும் பாத்துக்கோ, இங்க எல்லாத்தையும் ஸ்பிரிட்லதான் துடைப்போம். நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குப் பார்த்துப் பதினாலு குப்பிக்கு ஒட்டியதும் டேப் சுருளைக் காணோம். தேடிப்போனால் வெளியே, அந்த நாலு பேரில் ஒருவரான சாந்தினி அக்கா அதைக் கையில் மாட்டிக்கொண்டு சென்ட்ரிஃப்யூஜ் மெஷின் மேல் மாவிலை ஒட்டிக்கொண்டிருக்கிறார். கேட்டால் கொடுத்திருப்பார். கேட்கக் கூச்சம், அவ்வளவுதான். ஐந்திலிருந்து பத்து வரை ஆறு குப்பிக்கு டேப் இல்லாமல் மார்க்கரிலேயே எழுதிவிட்டேன், பூஜை முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று. சாயங்காலம் எல்லாரும் சுத்தம் செய்தோம். மேடம் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு சிங்க் தேய்க்கிறார்கள், ஃபெலிக்ஸ் அண்ணன் போனில் பாட்டு வைத்திருக்கிறார், ஃப்ரிட்ஜ் பின்னாலிருந்து யாரோ மூன்று வருஷத்துக்கு முன்னால் தொலைத்த செருப்பு ஒன்று கிடைத்து அதை வைத்து ஒரே சிரிப்பு. நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். சாந்தினி அக்கா திரும்பிப் பார்த்து, ஸ்பிரிட்டில் நனைத்த துணி ஒன்றை என் பக்கம் வீசி, கனி, உன் ரேக்க நீயே தொடச்சிடுப்பா என்றார். கனி என்றார். வந்து ஐம்பது நாளில் முதல்முறை. எப்படித் தெரியும் அந்தப் பெயர், நான் அம்மாவோடு பேசுவது காதில் விழுந்திருக்கும். அந்த ஒரு சொல்லில் எனக்குத் தலைகால் புரியவில்லை. துடைத்தேன். ரேக்கைத் துடைத்தேன், ரேக்கில் இருந்த குப்பியில் உணவு வழிந்து பிசுபிசுப்பாக இருந்ததை எடுத்து எடுத்துத் துடைத்தேன், ஃபெலிக்ஸ் அண்ணன் செருப்பைப் பற்றி இன்னொன்று சொன்னார், அதற்கும் சிரித்தேன், எல்லாரோடும் சேர்ந்து, சத்தமாக. சிரித்து முடித்துக் குனிந்து பார்த்தால் துணி நீலமாக இருந்தது. ஆறு குப்பியும் பளிச்சென்று, பிறந்த மேனியாக, ரேக்கில் இல்லாமல் மேஜைமேல் நின்றன.

அப்போதே சொல்லியிருக்கலாம். சத்தியமாகச் சொல்லியிருக்கலாம், திட்டு விழுந்திருக்கும், அவ்வளவுதான். காலையில் எண்ணிய எண்ணிக்கை நோட்டில் இருக்கிறது, மறுபடி எண்ணிப் பார்த்து எது எது என்று கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் அதில் இருந்தேன். அந்தச் சிரிப்பை நிறுத்துகிற ஆளாக நான் இருக்க விரும்பவில்லை. எடுத்து வைத்த வரிசை ஞாபகம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மார்க்கரை எடுத்து ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்று எழுதி ரேக்கில் அடுக்கிவிட்டேன். மறுநாள் பூஜை. மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம், அதற்குமேல் குங்குமம், நோட்டுகள் எல்லாம் அடுக்கி அதன்மேல் பூ. அன்றைக்குக் கருவியையும் நோட்டையும் தொடக் கூடாது. என் நோட்டும் அந்த அடுக்கில் இருந்தது, மேலேயிருந்து இரண்டாவது. எல்லாரும் சுண்டல் தின்றோம். ஐம்பத்துநாலாம் நாள் எண்ணுகிறேன். ஐந்தில் குறைந்திருக்கிறது, ஆறில் குறைந்திருக்கிறது. ஏழில் போனமுறை பதினொன்று. இப்போது பதிமூன்று. மறுபடி எண்ணினேன், பதிமூன்று. செத்தவை இரண்டு எழுந்து உட்காருமா. மைக்ராஸ்கோப் திருகில் இன்னும் குங்குமம் இருந்தது, கையில் ஒட்டியது. பதிமூன்று. ஆறு குப்பியையும் மனதுக்குள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன், ஏழை ஒன்பதோடு, ஏழைப் பத்தோடு, எப்படி வைத்தாலும் ஏதோ ஒரு விதத்தில் சரியாக வந்தது, மூன்று நாளில் எது எத்தனை செத்தது என்று யாருக்குத் தெரியும். எல்லாம் சரியாக வந்ததுதான் பயமாக இருந்தது. மேடத்தின் விதி எனக்குத் தெரியும், நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொன்னார்கள். பேனாவில் எழுது. தப்பாக எழுதினால் ஒரே கோடு, அடியில் இருப்பது தெரிகிற மாதிரி. பக்கத்தில் கையெழுத்து. தப்பு பண்ணலாம், அழிக்கக் கூடாது. நான் அழிக்கவில்லை. அழிக்க வேண்டியதே வரவில்லை. பதினொன்று என்று எழுதினேன், எவ்வளவு சுத்தமாக விழுந்தது, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. அன்றிலிருந்து ஏழாம் குப்பிக்கு மட்டும் எண்ணுவேன், இரண்டைக் கழிப்பேன், எழுதுவேன். பத்து இருந்தால் எட்டு. ஐந்து இருந்தால் மூன்று. எழுபத்தெட்டாம் நாள் இரண்டு இருந்தன, பூஜ்யம் என்று எழுதினேன். அந்த இரண்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன என்று சொன்னால் அது கதை, ஈக்கள் ஒன்றையும் பார்ப்பதில்லை. காலியான குப்பியைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். நான் கழுவவில்லை. ரேக்குக்குப் பின்னால் வைத்து, மூன்று நாளைக்கு ஒருதரம் புதுச் சாப்பாட்டுக்கு மாற்றினேன், யாருக்கும் தெரியாமல். ஏன் மாற்றினேன். மாற்றாமல் விட்டிருந்தால் காய்ந்து செத்திருக்கும், இன்றைக்கு இந்தப் பாடு இல்லை. எண்பத்துநாலாம் நாள் ஒன்று போயிற்று. மற்றவர் இதோ, விழுந்தவர் எழுந்து மறுபடி சுவரைப் பிடிக்கிறார்.

கதவு திறந்தது. குப்பியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன். ஃபெலிக்ஸ் அண்ணன் தலையை மட்டும் நீட்டினார். பத்து இருபதாகியிருந்தது. என்ன ஃபெல்லோ, ரெடியா, மேடம் பத்து அம்பதுக்கே வந்திருவாங்க பாத்துக்கோ. சரிண்ணே. மிட்டாய் இருக்குல்லா, எண்ணின ஆளுதான் மிட்டாய் தரணும், போன தடவ ஒருத்தன் மைசூர்பாகு கொண்டாந்தான், எனக்குப் பல்லே போயிட்டு. கடலமிட்டாய்ண்ணே. அதுவும் பல்லுக்குத்தானா என்றார். சிரித்தேன். உள்ளங்கையில் கண்ணாடி சூடாகிக்கொண்டிருந்தது. அண்ணே, என்றேன். என்ன. ஃபெலிக்ஸ் அண்ணன் ஆறு வருஷமாக இந்த லேபில் இருக்கிறார், அவருடைய ஆராய்ச்சி முடியும் முடியும் என்று முடியாமல் இருக்கிறது, கண்ணுக்குக் கீழே எப்போதும் ஒரு கறுப்பு. இவரிடம் சொன்னால் என்ன சொல்வார். முந்தாநாள் சொல்லியிருக்கலாம்லா என்பார். அல்லது கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து, மெதுவாக, அதைக் கொட்டிட்டு வா, ஒரு ஈ தானே என்பார். எதைச் சொல்வார் என்று எனக்குத் தெரியாததுதான், மூன்று மாதம் பக்கத்தில் இருந்தும் தெரியாததுதான், என்னைச் சொல்ல விடவில்லை. ஒண்ணுமில்லண்ணே, கத்தரிக்கோல் எங்க இருக்கு, கவர் வெட்ட. மேடம் டிராயர்ல, என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். உள்ளங்கையைத் திறந்தேன். இருக்கிறார்.

ஜனவரியிலும் வா என்று மேடம் சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் நடையில் எதிரே வந்தபோது நின்று, முடிவு சுத்தமா வந்தா ஆராய்ச்சிப் பேப்பர்ல உன் பேரையும் போடுவோம், ஜனவரில இன்னொரு செமஸ்டர் இரு என்றார்கள். அதன் பிறகு அந்த நடையில் போகும்போதெல்லாம் அந்த இடத்தில் கால் கொஞ்சம் தயங்கும். அச்சில் பெயர். எஸ். சண்முகக்கனி. அதற்கு லேமினேஷன் போட்டால் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் மாட்ட ஆணி தயாராக இருக்கும். இருபது குப்பியில் ஆறு குழம்பிவிட்டது என்றால் அது சுத்தமான முடிவா. அந்த ஆறையும் தள்ளச் சொல்வார்கள், மிச்சம் பதினாலை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்பார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, பொய் எழுதினவள் எண்ணிய மற்ற பதினாலை மட்டும் எப்படி நம்புவது என்று கேட்பார்கள். கேட்க வேண்டும். நான் மேடமாக இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பேன். மற்ற பதினாலும் சரி மேடம், சத்தியம். சத்தியத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது. கொட்டிவிடு. பஞ்சை எடுத்தேன். குப்பியின் வாயை விரலால் மூடினேன், பறந்துவிடக் கூடாதே என்று, இவர் எங்கே பறப்பது, பாதி இறக்கையை வைத்துக்கொண்டு. குப்பியைப் புனலுக்கு மேலே சாய்த்தேன். ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியது, அன்றைக்குத் துணியில் இருந்த அதே வாடை. இரண்டு வினாடி வேலை. கொட்டினால் இந்தப் பதிமூன்று என்னோடு மட்டும் இருக்கும். பதினொரு மணிக்குக் கை தட்டுவார்கள், மிட்டாய் தின்பார்கள், கனி என்றுகூடச் சொல்வார்கள், எனக்கு மட்டும் பதிமூன்று. அச்சில் என் பெயர் வரும், அதன் அடியில் பதிமூன்று, நடுக்கூடத்து ஆணியில் பதிமூன்று, எவரிடமும் பேச முடியாது, வேறு எவருக்கும் அப்படி ஒரு எண் இருந்தது என்றே தெரியாது. இத்தனை நாள் இந்த நோட்டை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. திறந்திருந்தால் மாட்டியிருப்பேன். மாட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், யாரோ ஒருவர் இத்தனை நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்திருக்கிறார் என்று ஆகியிருக்கும். இப்படி நினைத்து அழுகை வந்துவிட்டது, எனக்கே அவமானமாக இருந்தது, ஈயைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறவள். விரலில் ஒரு குறுகுறுப்பு. சுவர் முழுவதும் ஏறி வந்து, நான் மூடியிருந்த விரல் நுனியில் நிற்கிறார். ஏறிவிட்டார். சாய்த்துப் பிடித்திருந்ததால் ஏற முடிந்தது, வேறொன்றுமில்லை. குப்பியை நிமிர்த்தினேன். பஞ்சை அடைத்தேன்.

தேநீர் மேஜையைச் சுற்றி நின்றார்கள், நாலு பேரும், மேடமும். நடுவில் பழுப்புக் கவர், வாயில் மேடத்தின் கையெழுத்துக் குறுக்கே ஓடியது. பக்கத்தில் என் நோட்டு. மிட்டாயை யாரோ தட்டில் கொட்டியிருந்தார்கள், சாந்தினி அக்கா ஒன்றைக் கடித்து, சூப்பர்ப்பா என்று வாய்க்குள்ளேயே சொன்னார். மேடம் கத்தரிக்கோலை எடுத்துக் கவரின் ஓரத்தில் வைத்தார்கள். மேடம், வெட்டாதீங்க, என்றேன். என் குரல்தானா என்று இருந்தது, இந்த லேபில் இவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை. பையிலிருந்து குப்பியை எடுத்துக் கவரின் மேலேயே வைத்தேன். இன்னும் ஒண்ணு உயிரோட இருக்கு மேடம்.

மேடம் குனிந்து பார்த்தார்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்கள். ஒரு தட்டுத் தட்டினார்கள், விதிப்படி. எந்தக் குப்பி இது. ஏழு மேடம். நோட்டைத் திருப்பினார்கள், கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால், முன்னால். ஏழு எழுபத்தெட்டாம் நாளே ஜீரோன்னு எழுதியிருக்கியே. ஆமா மேடம். பொய்யா எழுதினேன். அதற்குப் பிறகு எல்லாம் வந்துவிட்டது, மார்க்கர், டேப், மாவிலை, துணி, பதினொன்று, பதிமூன்று, ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்திருந்தது எதுவும் வரிசையில் வரவில்லை. செருப்பு கிடைத்துச் சிரித்தோமே மேடம், அன்னைக்கு, என்றேன். சாந்தினி அக்கா மெல்லுவதை நிறுத்தியிருந்தார். ஃபெலிக்ஸ் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பவே சொல்லியிருக்கலாம்ல, என்றார்கள் மேடம். ஆமா மேடம். மேடம் கவரை எடுத்தார்கள், டிராயரைத் திறந்து உள்ளே வைத்துச் சாத்தினார்கள். பேப்பர் வராது, ஜனவரியும் கிடையாது, தெரியும்ல, என்றார்கள், கோபமாகக்கூட இல்லை. தெரியும் மேடம். பேனாவை நோட்டின் மேல் வைத்து என் பக்கம் தள்ளினார்கள். ஒரே கோடு. பக்கத்துல கையெழுத்து. அப்புறம் அது சாகிற வரைக்கும் எண்ணு.

ஸ்டூலை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்தேன். ஐம்பத்துநாலாம் நாள். பதினொன்றின் மேல் ஒரு கோடு, அடியில் இருப்பது தெரிகிற மாதிரி, பக்கத்தில் பதிமூன்று, எஸ்.எஸ்.கே. ஐம்பத்தேழாம் நாள். அறுபதாம் நாள். பன்னிரண்டு கோடு, பன்னிரண்டு கையெழுத்து போட வேண்டியிருந்தது. நாலாவதில் இருக்கும்போது மேடம் போனார்கள். ஆறாவதிலோ ஏழாவதிலோ ஃபெலிக்ஸ் அண்ணன் டம்ளரை எடுத்துக்கொண்டு போனார், போகிறபோது ஒரு நொடி என் பின்னால் நின்ற மாதிரி இருந்தது, நிமிரவில்லை, நிமிர்ந்தபோது இல்லை. சாந்தினி அக்கா தட்டை மூடி வைத்துவிட்டு மற்றவர்களோடு போனார். எண்பத்தேழாம் நாளின் பூஜ்யத்தை அடித்து ஒன்று என்று எழுதியபோது அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். பன்னிரண்டே காலாகியிருந்தது. கேன்டீனுக்குப் போகிற நேரம், பசி இல்லை. ஆயுத பூஜைக்குப் பிறகு முதல்முறையாக எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை, சொல்ல ஆளும் இல்லை. குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். அடியில் உட்கார்ந்து முன்னங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். காகித டேப் கிழித்து ஒட்டி, பென்சிலில் ஏழு என்று எழுதினேன், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன், ஏழுதானா என்று இனி யாராலும் சொல்ல முடியாதே. பிறகு பேனாவை எடுத்து இன்றைய தேதியில் புது வரி ஆரம்பித்தேன். நாள் எண்பத்தொன்பது. உயிருடன்: ஒன்று.